ஒன்பது வீட்டுக் கரண்ட்

ஊரில் சனம் நிறைந்திருந்தால் தவமலர் அக்காவுக்கு மூச்சு முட்டும். சனம் போய் ஊர் வெறிச்சோடினால் மூச்சு வரும். கேட்கிறவர்கள் இந்தச் சுஜாந்தி ஏதோ விடுகதை போடுகிறாள் என்று நினைப்பார்கள். விடுகதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் கரண்ட் செய்த வேலை. அதற்காகக் கரண்டைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அது வந்த பிறகுதான் என் மகள் நிலக்ஷி குப்பி விளக்குக்கு முன்னால் குனிந்து நெற்றி மயிரைக் கருக்கிக்கொள்ளாமல் படிக்கிறாள். யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் இதில் எனக்குப் பெரிய எரிச்சல். யாரையாவது திட்டாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது.

எங்கள் தாழங்கரை, புத்தளம் மாவட்டத்தில் உடப்புக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்புநீர் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற மணல்திட்டு. நாற்பது வீட்டுக்குக் கிட்ட இருக்கும். எல்லாரும் கரைவலைச் சனம். வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துவிட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் நின்று கூட்டமாக இழுக்கிற தொழில். எங்கள் பக்கத்துக் கடல் மாரி காலத்தில்தான் சோறு போடும். சித்திரை பிறந்து தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று எழும்பினால் வலை போட முடியாது. அப்போது சட்டி பானை, பிள்ளை குட்டி, கோழிக்கூடு எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு ஊரே முல்லைத்தீவுப் பக்கம் போய்விடும். அங்கே கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் அடித்துத் தொழில் செய்துவிட்டுப் புரட்டாதி கழியத்தான் திரும்பும். போகும்போது ஆடு மாடு நுழையாமல் ஒவ்வொரு வாசலிலும் உடைமுள் வெட்டி அடைத்துவிட்டுப் போவோம். முள் அடைத்த வீட்டைப் பார்த்தால் எங்களுக்கு, ஆட்கள் வருவார்கள் என்று அர்த்தம்.

தவமலர் அக்கா அந்த முல்லைத்தீவுப் பக்கத்துக்காரி. கனகசுந்தரம் அண்ணன் இளவட்டமாக வாடிக்குப் போன ஒரு வருடம் மீனோடு சேர்த்துப் பெண்ணையும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார் என்று ஊரில் இன்றைக்கும் பகிடி உண்டு. பிறகு சண்டை வந்து பாதை அடைபட்டது. தாய் செத்த சேதி அக்காவுக்கு எட்டாம் நாள் சடங்கும் முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பிறகுதான் வந்தது. பிள்ளையும் இல்லை. இருந்தும் அந்த மனுஷி வாய் ஓய்ந்து நான் கண்டதில்லை. கருவாடு போடுவதில் ஊரில் அவரை வெல்ல ஆள் கிடையாது. பாயில் சாளையைப் பரப்பிவிட்டு, காகத்தையும் என்னையும் ஒரே குரலில் ஏசுவார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. அந்த வேலிக்கு மேலால் நாங்கள் கதைத்த கதையை அளந்தால் கொழும்புக்குப் போய் வரலாம்.

முதலில் இருமல் என்றார்கள். பிறகு நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றார்கள். புத்தளத்து ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவாசப்பை இரண்டும் இறுகிச் சுருங்கிவிட்டது, இனி அது விரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ர சுவாசப்பையும் கருவாடாப் போச்சாம் சுஜா," என்றார் அக்கா. "அவ்வளவு நாளும் நான் காயவச்சன். இப்ப என்னைக் காயவச்சிட்டாங்கள்."

மூக்கில் குழாய் மாட்டி ஒட்சிசன் கொடுத்தால்தான் அவருக்கு உடம்பு ஓடும். வார்ட்டில் அது சுவரிலிருந்து வரும். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மெஷின் இருக்கிறது. சில்லுப் பூட்டிய வெள்ளைப் பெட்டி. அறைக் காற்றை இழுத்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாயில் விடும். டொக்டர் நல்ல மனுஷன், மெஷினுக்கு ஒழுங்கு செய்து தருகிறேன் என்றார். "ஆனா கரண்ட் இருக்க வேணும். இரவும் பகலும்," என்றார்.

நுரைச்சோலையில் கரியை எரித்து நாட்டுக்கே வெளிச்சம் அனுப்புகிறார்கள். அதே மாவட்டத்தில் தாழங்கரையில் மண்ணெண்ணெய். சந்தியில் இருந்து எங்கள் ஊருக்கு மணல் பாதை, கரண்ட் போஸ்ட் கொண்டுவர வழியில்லை, காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை, இப்படி ஆயிரம் நொட்டை. கனகசுந்தரம் அண்ணன் கிராம மின்சாரச் சங்கத்துக்குச் செயலாளர். சிலாபத்துச் சந்தையில் பழகிய சிங்களம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. வெள்ளைச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு மின்சார சபைக் கந்தோருக்கு பஸ் ஏறுவார், பின்னேரம் தொங்கிய முகத்தோடு வருவார். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு மாதிரி வருடக் கணக்காகக் காத்திருந்தோம். ஆனால் பெண்சாதி வார்ட்டில் விழுந்த பிறகு அவர் போன போக்கே வேறு. கதவைத் தட்டுகிற மனுஷன் போய், வாசலில் குந்திக்கொண்டு எழும்பாத மனுஷன் ஆகிவிட்டார்.

கடைசியில் கந்தோரில் இருந்து ஒரு மாத்தயா ஊரை அளந்து வீடு எண்ண வந்தார்; சிங்கள ஐயாமாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வந்தது ஆடி மாதம். ஊர் முழுதும் முல்லைத்தீவில். வயது போனவர்கள், பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனைக்குப் படிக்கிற பிள்ளையோடு என்னைப்போல் நின்றவர்கள், எல்லாம் சேர்ந்து ஒன்பது வீட்டில்தான் ஆள். மற்ற வாசல் எல்லாம் முள். கனகசுந்தரம் அண்ணன் அவரை வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார். நான் செவ்விளநீரோடு பின்னால் போனேன்.

"இதெல்லாம் விட்டுட்டுப் போன வீடுதானே," என்று மாத்தயா சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல மாத்தயா. தொழிலுக்குப் போயிருக்கிறாங்க. புரட்டாதி கழிய வருவாங்க."

"கதவுக்கு முள்ளை வச்சிருக்கே."

"அது ஆட்டுக்கு மாத்தயா."

மாத்தயா சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை. இளநீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னார். ஆனால் கண்ணால் கண்ட ஆளைத்தான் கணக்கில் எழுதலாம், முள்ளை எழுத முடியாது என்றார். திரும்ப ஒருக்கால் ஊர் இருக்கிற மாதத்தில் வாருங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். அப்படியென்றால் இது வரிசையில் கடைசிக்குப் போகும், பரவாயில்லையா என்று அவர் கேட்டார். அதற்கு அண்ணன் என்ன சொல்வார். மனுஷி அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

மாசியில் வேலை தொடங்கியது. போஸ்ட் ஏற்றி வந்த லொறி சந்தியைத் தாண்டி மணலில் புதைந்தது புதைந்ததுதான். வந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எங்கள் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், போனார்கள், கரைவலைக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொங்கிறீட் போஸ்டுக்குக் கயிற்றைப் போட்டு, வலை இழுக்கிற மாதிரியே இரண்டு வரிசையாக நின்று, வலை இழுக்கிற பாட்டான அம்பாவைப் பாடிக்கொண்டு இழுத்தார்கள் பாருங்கள். என் புருஷன் ஜெயந்தன்தான் அடி எடுத்துக் கொடுத்தது. வழக்கமாக அம்பாவில் மீனைக் கூப்பிடுவார்கள், அன்றைக்குப் பல்பைக் கூப்பிட்டார்கள். பெண்கள் நாங்கள் குழி தோண்டினோம், சோறாக்கினோம், கம்பி போகிற வழியில் நின்ற தென்னை ஓலைகளை வெட்டிக் கொடுத்தோம். கந்தோர்ப் பெடியன்கள் வேலையை விட்டுவிட்டு போனில் படம் பிடித்தார்கள். அன்றைக்குப் பெருமையில் நானும் சேர்ந்து அம்பா கத்தினேன், பொய் சொல்லவில்லை.

டிரான்ஸ்போமர் போட வந்தவர் வேறு மாத்தயா, வயது குறைந்தவர். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இவ்வளவு வீடா? எனக்குத் தந்திருக்கிறது ஒன்பது வீட்டுக்கான சின்ன டிரான்ஸ்போமர். கம்பியும் மெல்லிசு. எல்லாரும் போட்டா இழுக்காதே," என்றார்.

"அப்ப என்ன செய்யிறது மாத்தயா?"

"மாத்தலாம். திரும்ப முதல்ல இருந்து எழுத வேணும். எப்ப வருமெண்டு என்னால சொல்ல ஏலாது. இல்லாட்டி இப்ப இதப் போட்டுட்டு, பிறகு பெருசுக்கு எழுதலாம்."

எல்லாரும் கனகசுந்தரம் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கவும் மாட்டார், கேட்காமல் இருக்கவும் அவரால் முடியாது. ஜெயந்தன்தான் வாயைத் திறந்தது.

"போடுங்க மாத்தயா. அக்கா முதல்ல வீட்டுக்கு வரட்டும். மற்றதை ஊர் பாத்துக்கொள்ளும்."

ஓம் ஓம் என்று எல்லாரும் சொன்னார்கள். மனம் வைத்துத்தான் சொன்னார்கள். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். மீட்டரை நாற்பது வீட்டுக்கும் பூட்டிக் கொடுத்தார்கள். கம்பியில் ஓடுகிற கரண்ட் மட்டும் ஒன்பது வீட்டுக்கானது.

வெளிச்சம் வந்த கிழமையே ஊர் வாடிக்குக் கிளம்பிவிட்டது. புதுப் பல்பைப் பூட்டி, ஒரு தரம் போட்டுப் பார்த்து, அணைத்து, வாசலில் முள்ளை அடைத்துவிட்டுப் போனார்கள். அந்த லொறி போன பாதையால்தான் அக்கா வந்த ஓட்டோ வந்தது. பின் சீட்டில் மெஷின், அதற்குப் பக்கத்தில் அதைவிட மெலிந்து அக்கா.

அந்தச் சோளகம்தான் அவருக்குக் கிடைத்த காலம். மெஷின் குழாய் நீளமானது. வாசல்படி தாண்டி, வேலி வரை எட்டும். குழாயை இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்து என்னோடு கதைப்பார். கருவாட்டைக் கையால் தொட முடியாது, வாயால் போட்டார். சிலாபத்துச் சந்தையில் வாங்கிவந்த சாளையை நான் பரப்ப, அவர் கதிரையில் இருந்து அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் உப்புக் காணாது என்று உயிரை வாங்கினார். கனகசுந்தரம் அண்ணன் அந்த வருடமும் வாடிக்குப் போகாமல் அக்காவோடு நின்றார்.

"மனுஷனுக்கு என்னில இப்பதான் ஆசை வந்திருக்கு," என்பார் அக்கா. "குழாய் மாட்டினாத்தான் வடிவெண்டு தெரிஞ்சிருந்தா அந்தக் காலத்திலேயே மாட்டியிருப்பன்."

அண்ணன் வெட்கத்தில் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

ஆடியில் உடப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்க வந்த எங்கள் ஆட்கள் அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு, கோயிலடியிலேயே சொந்தக்காரர் வீடுகளில் தங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அது உண்மைதான். ஒரு பின்னேரம் கடல் இரைந்துகொண்டிருந்தபோது அக்கா சும்மா சொன்னார்.

"சாகிறதுக்கு எனக்குப் பயமில்ல சுஜா. இஞ்ச, என்ர வீட்டு முத்தத்தில சாக வேணும். அந்த வார்ட்டுச் சுவரைப் பாத்துக்கொண்டு மட்டும் போகக் கூடாது."

"வாயை மூடுங்க. உங்கட கருவாட்டை யாரு விப்பா," என்று ஏசினேன். வேறு என்ன சொல்வது.

புரட்டாதி கழிந்து லொறிகள் வந்தன. முள்ளை இழுத்து எறிந்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடியதைப் பார்க்க வேண்டும். பொழுது பட்டதும் நாற்பது வீட்டிலும் சுவிட்சைப் போட்டார்கள். பல்புகள் எரிந்தன, மங்கின, சுருட்டுத் தணல் மாதிரி சிவந்து நின்றன. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பீப் பீப் என்று ஒரு சத்தம். கரண்ட் குறைந்தால் மெஷின் கத்தும், கத்திவிட்டு நின்றுவிடும். அக்காவின் வீடுதான் கம்பியின் கடைசி வீடு. மற்றவர்கள் இழுத்து மிஞ்சியதுதான் அவருக்கு வரும். கனகசுந்தரம் அண்ணன் அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்துவிட்டு, வாசலில் வந்து நின்று, ஊரைப் பார்த்தார். யாரிடம் போய் அணையுங்கள் என்று சொல்வது. அந்தப் போஸ்டை இழுத்த கைகள்தானே எல்லாம்.

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்த நாளே சங்கம் கூடியது. பொழுது பட்டதில் இருந்து சனம் படுக்கிற நேரம் வரை வீட்டுக்கு ஒரே ஒரு சின்னப் பல்ப், ரீவி இல்லை, ஃபிரிஜ் இல்லை, ஃபேன் இல்லை என்று முடிவானது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அவ்வளவு காலம் இருட்டில் இருந்தவர்கள், இதெல்லாம் ஒரு விஷயமா என்றார்கள். கரண்டைத் தூக்கி நிறுத்துகிற பெட்டி ஒன்று ஊரே சேர்ந்து வாங்கி அக்கா வீட்டில் பூட்டியது. டக் டக் என்று அடித்துக்கொண்டு கிடந்தது. குறைந்ததை அது கூட்டும், இல்லாததை அது எங்கே போய்ப் பிடிக்கும்.

கந்தோருக்கும் போனோம். நானும் போனேன், வாயைத் தீட்டிக்கொண்டு. நான் போட்ட சத்தத்துக்கு அங்கே கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பொறுமையாகச் சொன்னார்கள். ஊர் பெரியதென்று இப்போது தெரிகிறது, எழுதியிருக்கிறோம், வரிசையில் வரும். எப்போது என்று கேட்டேன். உண்மையாகத் தெரியாது அக்கா என்றார் அந்தப் பெடியன். அடிக்கிறவனோடு சண்டை பிடிக்கலாம், தேத்தண்ணி தருகிறவனோடு என்ன செய்வது. குடித்துவிட்டு வந்தேன்.

மெஷின் கத்தினால் ஊருக்கே கேட்கும். யாரோ ஒருவர் எதையோ போட்டுவிட்டார் என்று அர்த்தம். உடனே பிள்ளைகள் 'மாமிட மெஷின் கத்துது, மாமிட மெஷின் கத்துது' என்று வீடுகளுக்கு நடுவில் போகிற ஒழுங்கை நெடுக ஓடுவார்கள். முதலில் அது விளையாட்டு மாதிரி இருந்தது. அயன் பெட்டி போட்டவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பிடுங்குவார். போகப் போக விளையாட்டு வினையானது. யார் போட்டது, நீ போட்டாய், நான் போடவில்லை, உன் வீட்டு ஃபிரிஜ் உறுமியது எனக்குக் கேட்டது. போஸ்டைச் சேர்ந்து இழுத்தவர்கள் ஒருவர் வீட்டு ஜன்னலை ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் ஃபேன் போட்டது மதுசா. கைக்குழந்தைக்காரி. நான் அவள் வாசலுக்குப் போய்க் கத்தினேன். அவளும் விடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, அதன் முதுகைத் திருப்பிக் காட்டினாள். முதுகு முழுதும் வேர்க்குரு வெடித்துக் கிடந்தது.

"அக்காவுக்கு மூச்செண்டா எண்ட புள்ளைக்கு மூச்சில்லையா? நாங்க எத்தினை நாளைக்கு இப்பிடிக் கிடக்கிறது?" என்று அழுதாள்.

வாய்க்காரி நான் அவள் வாசலை விட்டு இறங்கினேன். திரும்பி வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் கதிரையில் அக்கா இருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. நிலக்ஷியின் படிப்பைப் பற்றி விசாரித்தார்.

அன்றோடு மெஷின் கத்துவது நின்றது. ஒரு கிழமை கத்தவில்லை. மறு கிழமையும் கத்தவில்லை. கந்தோரில் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று ஊரில் கதை வந்தது. என் சத்தத்துக்குக் கிடைத்த பலன் என்று நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். ஒரு வீட்டில் இரண்டாவது பல்ப் எரிந்தது. கத்தவில்லை. இன்னொரு வீட்டில் ரீவி. கத்தவில்லை. மதுசா ஃபேனைப் போட்டாள். மெல்ல மெல்ல ஊர் முழுதும் வெளிச்சமானது. மங்கல் வெளிச்சம்தான், இருந்தாலும் வெளிச்சம். நிலக்ஷி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

கனகசுந்தரம் அண்ணன் தினமும் பின்னேர வலைக்குப் போய், மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஊர் படுக்கிற நேரத்துக்குத்தான் வருவார். அப்படி அவர் இல்லாத ஒரு பின்னேரம், நான் கூனிச் சம்பல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வேலிப் படலையைத் திறக்கும்போதே ஏதோ குறைகிறது என்று பட்டது. உள்ளே போனேன். அக்கா கட்டில் விளிம்பில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, நிமிர்ந்து இருந்தார். மூக்கில் குழாய் இருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மெஷின் உறுமவில்லை. சுவிட்ச் அணைத்துக் கிடந்தது.

"அக்கா, என்ன வேலை இது," என்று பாய்ந்தேன்.

கையைத் தூக்கி என்னைத் தடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுத் தேட வேண்டியிருந்தது.

"கத்தாத. பிள்ளை... படிக்குது."

மதுசா அழுத அன்றிலிருந்தா என்று கேட்டேன். ஓம் என்று தலையை ஆட்டி, துண்டு துண்டாகச் சொன்னார். பொழுது பட்டதும் அணைப்பது, சனம் விளக்கை அணைத்த பிறகு புருஷன் வருவதற்கு முன் போட்டுவிடுவது. கத்துவதற்கு இடமே கொடுக்கவில்லை. கரண்ட் நல்லாயிருக்கு என்று அண்ணனும் சந்தோசமாகக் கடலுக்குப் போய் வந்திருக்கிறார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய் மெயின் சுவிட்சை அடித்து இறக்கினேன். அம்மா என்று நிலக்ஷி இருட்டுக்குள் இருந்து கேட்டாள். பதில் சொல்லாமல் திரும்ப ஓடிவந்து மெஷினைப் போட்டேன். பீப் பீப் என்று கத்தியது, நின்றது. மற்ற வீடெல்லாம் எரிகிறதே. அக்கா என்னைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"உன்ர ஒரு பல்பில... என்ன ஓடும், விசரி."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். ஒழுங்கையில் இறங்கி நின்று அடிவயிற்றில் இருந்து கத்தினேன். அணையுங்கோ எல்லாத்தையும் அணையுங்கோ என்று கத்தினேன். அணைத்தார்கள். மதுசா பிள்ளையோடு ஓடிவந்து அக்காவின் காலடியில் இருந்துகொண்டு முதுகைத் தடவினாள். கடற்கரையில் இருந்து அண்ணன் வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மீன் கூடையோடு அப்படியே வாசலில் இருந்துவிட்டார்.

அக்கா சொன்னபடி விடிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடித்தோம். ஊர் சுற்றி நின்றது. இனிமேல் ஒரு பல்பும் போடமாட்டோம், குலதெய்வத்தின் மேல் ஆணை, நில் அக்கா என்றார்கள். ஜெயந்தன் ஓட்டோவை மறித்துக்கொண்டு நின்றான். அக்கா வெளியே தலையை நீட்டினார்.

"சனத்தை இருட்டில வச்சிட்டு எனக்கு மூச்சு வராது தம்பி. சித்திரையில நீங்கள் வாடிக்கு வெளிக்கிடுங்கோ. அண்டைக்கு நான் வாறன். நீங்கள் ஒரு பக்கத்தால போக, நான் மற்றப் பக்கத்தால வாறன். போன வருசம் மாதிரி."

எல்லாரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஓம், அதுதானே, நாலைந்து மாதம்தானே. எனக்கும் அது ஆறுதலாக இருந்தது.

கரண்ட் நன்றாக இருக்கிற உடப்பில் ஒரு அறை வாடகைக்குத் தேடினார் கனகசுந்தரம் அண்ணன். குழாய் மாட்டிய நோயாளி என்றதும், பிறகு சொல்கிறோம் என்றார்கள். வார்ட்டில் ஃபர்ஸானா மிஸி என்று ஒரு தாதி. அவர் டொக்டரோடு கதைத்து, மூலையில் ஒரு கட்டிலை அக்காவுக்குப் பிடித்துவைத்தார். ஊரில் இருந்து ஒவ்வொரு கிழமையும் யாராவது போய்ப் பார்த்து வந்தார்கள். போகும் ஆட்களிடமெல்லாம் அக்கா காற்றைப் பற்றித்தான் கேட்பார். திசை மாறிவிட்டதா, கடல் எப்படி என்று.

சித்திரை வந்தது. நிலக்ஷி சோதனை எழுதி முடித்துவிட்டாள். சோளகம் எழும்பியது. லொறி வந்து நின்றது. வலை ஏறியது, கயிறு ஏறியது, ஆண்கள் ஏறினார்கள். பெண்கள் ஏறவில்லை.

யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை அது. பிள்ளையின் பள்ளிக்கூடம் வருடா வருடம் பாதியில் நிற்கிறது, இப்போதுதான் வீட்டில் வெளிச்சம் இருக்கிறதே, நான் நிற்கிறேன் என்றாள் ஒருத்தி. எனக்கு ஃபிரிஜில் ஐஸ் போட்டு விற்கலாம் என்றாள் இன்னொருத்தி. வாடியில் பாம்புக்கும் மழைக்கும் நடுவில் கைக்குழந்தையோடு எதற்குக் கிடக்க வேண்டும் என்றாள் மதுசா. எல்லாம் நியாயம். முந்தி வீட்டில் இருட்டு, வாடியில் இருட்டு, அதனால் புருஷனோடு போனார்கள். இப்போது ஏன் போவார்கள். அந்த வருடம் ஒரு வாசலிலும் முள் அடைபடவில்லை. பின்னேரம் நாற்பது வீட்டிலும் விளக்கு எரிந்தது.

நான் யாரிடம் போய் என்ன சொல்வது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தி, வெயிலில் கொண்டுபோய்க் காயவை, அக்கா வீட்டுக்கு வர வேண்டும் என்றா. இரண்டு மூன்று பேரிடம் வாயெடுத்தேன். அவர்களும் தலையைக் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். நிலக்ஷிக்கு மேல் வகுப்புத் தொடங்கப்போகிறது. என் வீட்டிலும் விளக்கு எரிகிறது.

கனகசுந்தரம் அண்ணனால் இதை அக்காவிடம் சொல்ல முடியவில்லை. பாப்பம், பாப்பம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நீ போ பிள்ளை, உன்னட்டை எண்டா அவள் கேப்பாள் என்றார்.

போனேன். கட்டிலின் காலடியில் ஒரு பை கட்டி வைத்திருந்தது. சீப்பு, துவாய், மாற்றுச் சட்டை எல்லாம் உள்ளே.

"மாமி நேத்தே கட்டி வச்சிட்டாங்க," என்றார் ஃபர்ஸானா மிஸி சிரித்துக்கொண்டு. "நான் சொல்லியும் கேக்கல்ல."

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார்.

"சோளகம் எழும்பிட்டுதாம், மிஸி சொன்னவ. லொறி வெளிக்கிட்டுதோ?"

"ஓம் அக்கா. முந்தாநாள் போயிட்டாங்கள்."

"எல்லாரும் போயிட்டினமோ?"

பொய் சொல்லத்தான் போனேன். வழி நெடுக பஸ்ஸில் அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை.

"ஆம்பிளையள் போயிட்டாங்கள் அக்கா. பொம்பிளையளும் பிள்ளையளும் நிக்கிறாங்கள். கரண்ட் இருக்குத்தானே. பள்ளிக்கூடமும்..."

அக்கா என் கையை விடவில்லை. அந்தப் பையைப் பார்த்தார்.

"நல்லதுதானே," என்றார். "மதுசாவும் நிக்கிறாளோ?"

"ஓம்."

"நீயும்?"

"ஓம் அக்கா."

"பிள்ளையள் படிக்கட்டும்," என்றார். பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டு, கடைக்குச் சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் சொன்னார்.

"அப்ப அவரிட்டச் சொல்லு, அலுமாரியில கிடக்கிற என்ர மிச்சச் சட்டையளையும் இஞ்ச கொண்டுவரட்டாம்."